லாக் ஹேவனிலிருந்து திரும்பும் வழியில் சிக்கிய வால்வு

பென்சில்வேனியாவில் சஸ்குவஹானா ஆற்றின் மேற்குக் கிளையோரம் இருக்கும் லாக் ஹேவனுக்கு ஜூன் மாதத்தில் பழைய பைப்பர் விமானங்கள் பறந்து வந்து கூடுவதைப் பற்றிப் படித்திருப்பீர்கள். படங்களும் பார்த்திருப்பீர்கள்: புல்தரையில் மஞ்சள் விமானங்களின் வரிசை, இறக்கைக்கு அடியில் கூடாரம், மடக்கு நாற்காலி. போன கதையை எல்லாரும் எழுதுகிறார்கள். திரும்பி வந்த கதையை யாரும் எழுதுவதில்லை. திரும்பும் வழியில் ஆளில்லாத ஒரு சின்ன விமானத்தளத்தில் எஞ்சின் கோளாறோடு தனியாக நின்றபோது, இதையெல்லாம் முன்பே யாராவது விளக்கமாக எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. அதற்காகத்தான் இது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1937 மார்ச்சில் அதே மாநிலத்தின் பிராட்ஃபோர்டில் இருந்த பைப்பர் விமானத் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்த பிறகு, வில்லியம் பைப்பர் லாக் ஹேவனில் மூடிக் கிடந்த ஒரு பட்டு ஆலைக்குத் தொழிலை மாற்றினார். 1938 முதல் 1947 வரை என்னுடையதைப் போன்ற, இருவர் உட்காரும் சின்ன ஜே-3 கப் விமானங்கள் ஏறக்குறைய 20,000 செய்யப்பட்டன. 1972-இல் ஆக்னஸ் புயல் வெள்ளம் தொழிற்சாலையை மூழ்கடித்தது, 1984-இல் அங்கே உற்பத்தி நின்றது. 1986 முதல் நடக்கும் இந்தக் கூடலுக்கு வருகிறவர்களுக்கு இது பிறந்த வீட்டுக்குப் போகிற மாதிரி. விமானத்தளத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஆறு ஒரு பக்கம், மலைத்தொடர் ஒரு பக்கம். ஜூன் மாதத்திலும் காலையில் பள்ளத்தாக்கை மூடுபனி நிறைத்துவிடும். காலை 10 மணிக்கு முன் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு மாலைக்கு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜே-3-யில் நெடுந்தூரம் போவது முழுக்க முழுக்க எரிபொருள் கணக்குதான். தொட்டி 12 அமெரிக்க கேலன். 65 குதிரைத் திறன் கான்டினென்டல் ஏ-65 எஞ்சின் மணிக்கு 4 முதல் 4.5 கேலன் குடிக்கும். பகல் பறத்தலுக்குச் சட்டப்படி அரை மணி நேரக் கையிருப்பு வேண்டும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் போகத் திட்டமிடக் கூடாது. காற்றில்லாவிட்டால் 70 மைல் வேகத்தில் 140 மைல். எதிர்க்காற்று 20 மைல் என்றால் அதே இரண்டு மணியில் 100 மைல்தான். மேற்கிலிருந்து காற்று வீசும் நாடு அது. கிழக்கே போகும்போது இரண்டு நிறுத்தத்தில் முடிந்த பயணம், மேற்கே திரும்பும்போது மூன்றோ நான்கோ ஆகும். மூக்கில் துருத்திக்கொண்டிருக்கும் கம்பிதான் எரிபொருள் மானி. கார்க் மிதவையோடு சேர்ந்து அது இறங்கிக்கொண்டே வரும். அதைப் பாருங்கள், ஆனால் கைக்கடிகாரத்தை நம்புங்கள். நிறுத்தம் போடும் ஒவ்வொரு இடத்துக்கும் முந்தின நாளே போன் செய்து, பெட்ரோல் பம்பு இயங்குகிறதா, அட்டை தேய்க்கும் இயந்திரம் வேலை செய்கிறதா, ஞாயிற்றுக்கிழமை ஆள் இருப்பார்களா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். "பெட்ரோல் உண்டு" என்ற ஒரு பதில் போதாது.

சாமான் விஷயம் பலர் கவனிக்காதது. ஜே-3-யைத் தனியாக ஓட்டும்போது பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். பின்னால் இருக்கும் பையில் 20 பவுண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. கூடாரம், கயிறு, முளை, கருவிப்பை எல்லாம் முன் இருக்கைக்குத்தான் போகும். முன் இருக்கையிலும் ஒரு கட்டுப்பாட்டுத் தண்டு இருக்கிறது. மூட்டை சரிந்து அதில் சாய்ந்தால் விமானத்தின் மூக்கைத் தூக்க முடியாமல் போகும். பெல்ட்டால் குறுக்கும் நெடுக்கும் கட்டிவிட்டு, தண்டை நான்கு மூலைக்கும் முழுதாகத் தள்ளி இழுத்துப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

இறங்குவதற்கான நடைமுறையை ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே வெளியிட்டிருந்தால் அதை அச்சடித்துத் தொடையில் கட்டிக்கொள்ளுங்கள். கையடக்க ரேடியோ இருந்தாலும், பழைய மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) வயர்களுக்கு உலோக உறை இல்லாவிட்டால் காதில் இரைச்சல்தான் கேட்கும். வீட்டுத் தளத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, "மஞ்சள் கப், இறுதி அணுகலில்" என்று ரேடியோவில் சொன்னால் அங்கே நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பதிவு எண்ணின் கடைசி மூன்று எழுத்தையும், எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரேடியோவே இல்லாத விமானமும் உங்களுக்கு முன்னால் இருக்கும். கண்தான் முதல் கருவி.

இரவு நிறுத்தும் விஷயத்தில் எவ்வளவு சொன்னாலும் தகும். காலியாக 765 பவுண்டு எடை, 35 அடி இறக்கை. 38 மைல் வேகத்திலேயே பறக்கத் தொடங்கிவிடும் சாதனம் இது. இடிமழைக்கு முன்னால் வரும் காற்று அந்த வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டும். 2011 மார்ச் 31 அன்று ஃப்ளோரிடாவின் லேக்லேண்டில் நடந்த பெரிய விமானக் கூடலில் புயல் அடித்து, கட்டியிருந்த விமானங்களே பிடுங்கிக்கொண்டு புரண்டன. திருகாணி மாதிரி மண்ணில் முறுக்கி இறக்கும் முளைகளை நம்பாதீர்கள். மழையில் மண் ஊறினால் நேராக மேலே வந்துவிடும். ஒரு தகட்டில் மூன்று துளை, அந்தத் துளைகள் வழியே மூன்று எஃகு ஆணிகள் வெவ்வேறு கோணத்தில் சாய்வாக மண்ணுக்குள் போகும் வகைதான் பிடிக்கும். மேலே இழுக்க இழுக்க ஆணிகள் ஒன்றை ஒன்று எதிர்த்து இறுகும். அடிக்கச் சுத்தியல் எடுத்துப் போங்கள், அங்கே கடன் கேட்டால் எல்லாரும் அதே நேரத்தில்தான் கேட்பார்கள். கயிறு நைலானாக இருக்கட்டும். மணிலாக் கயிறு நனைந்தால் சுருங்கி இறக்கைத் தாங்கியை இழுக்கும். ஒரு அங்குலத் தளர்வு விட்டுக் கட்டுங்கள். இரண்டு இறக்கை, ஒரு வால் என மூன்று இடம். விமானம் காற்றைப் பார்த்து நின்றால் தண்டைப் பின்னால் இழுத்து இருக்கைப் பெல்ட்டால் கட்ட வேண்டும். காற்று வால் பக்கம் வந்தால் முன்னால் தள்ளிக் கட்ட வேண்டும். இறக்கையின் மேல், முன்விளிம்பிலிருந்து கால்வாசித் தூரத்தில், நுரை ஒட்டிய ஒரு மரச்சட்டத்தை நீளவாக்கில் வைத்துக் கட்டினால் தூக்குவிசை உடைந்துபோகும். இரண்டுக்கு இரண்டு அங்குலச் சட்டம் போதும். இதெல்லாம் செய்திருந்ததால் அந்த வார இறுதியின் காற்றையும் மழையையும் விமானம் கீறலில்லாமல் தாண்டியது. எனக்கு வந்த சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

திரும்பும் நாள். மூடுபனி விலகக் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினோம். புல்லில் நீண்ட வரிசை, எஞ்சின் குறைந்த சுழற்சியில் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் நிறுத்தம் வரை ஒரு குறையும் இல்லை. பெட்ரோல் போட்டு, எண்ணெய் பார்த்து, மேக்னெட்டோ இரண்டையும் சோதித்து மறுபடி கிளம்பி சுமார் 600 அடி உயரம் ஏறியபோது விமானம் முழுக்கக் குலுங்க ஆரம்பித்தது. எஞ்சினின் சுழற்சி வேகம் நிமிடத்துக்கு 2,150-லிருந்து 1,800-க்குப் பக்கமாக விழுந்தது. கீழே காடு. பயந்துவிட்டேன். வயிற்றுக்குள் ஐஸ் கட்டி இறங்கியதைப் போன்ற பயம், அதை மறைக்க ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது என்ன என்பதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றுங்கள். உடனே கார்புரேட்டர் வெப்பக் கைப்பிடியை முழுக்க இழுங்கள். ஏ-65 கார்புரேட்டரில் பனி படிவதற்குப் பேர் போனது, ஈரமான ஜூன் நாளில் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பனியாக இருந்தால் குலுக்கம் முதலில் கூடி, பிறகு சீராகும். மாற்றமே இல்லையென்றால் பனி இல்லை. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். மூன்று சிலிண்டரில் ஓடும் ஏ-65, ஒரே ஆள் இருக்கும் கப்பை மட்டமாகப் பறக்க வைத்துவிடும், அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மேக்னெட்டோ சாவியைத் திருப்பிப் பார்ப்பதெல்லாம் ஓடுபாதை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகு. சாய்வு குறைவாகத் திரும்பி, எஞ்சின் முழுக்க நின்றாலும் சறுக்கி இறங்கிவிடக் கூடிய தூரத்துக்குள்ளேயே வட்டமடித்து இறங்கினேன்.

ஞாயிறு மாலை. பூட்டிய அலுவலகம், ஒரு பம்பு, புல் வெட்டும் வண்டி. மனிதர் யாருமில்லை. கைபேசியில் ஒரே ஒரு கோடு சிக்னல்.

கையால் சுழற்றிக் கிளப்பும் எஞ்சினுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, நோயைக் கையே சொல்லிவிடும். மேக்னெட்டோ அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வாலைக் கட்டிவிட்டு ப்ரொப்பெல்லரை மெதுவாக இழுத்தால் ஒவ்வொரு சிலிண்டரும் எதிர்த்துத் தள்ளுவது உள்ளங்கையில் தெரியும். அணைத்திருந்தாலும் அதை எப்போதும் உயிருள்ளதாகவே நினையுங்கள். மேக்னெட்டோவை அணைக்கும் வயர் அறுந்திருந்தால் சாவி என்ன நிலையில் இருந்தாலும் தீப்பொறி வரும். நான்கில் மூன்று கனமாக இருந்தது, ஒன்று தொளதொளவென்று சுழன்றது. எது அது? எஞ்சின் ஆறிய பிறகு அரை நிமிடம் ஓடவிட்டு அணைத்து, வெளியேற்றுக் குழாய் சிலிண்டரை விட்டு வெளியே வரும் இடத்தில் ஈரத்துணியை வைத்துப் பாருங்கள். வேலை செய்யும் மூன்றிலும் உஸ்ஸென்று ஆவி வரும், செத்த சிலிண்டரில் வராது. போனில் மெக்கானிக்கிடம் சொல்லும்போது எண்ணில் குழப்பம் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். கான்டினென்டலில் எண்கள் பின்னாலிருந்து தொடங்கும்: விமானி இருக்கையிலிருந்து பார்க்க, வலது பின் 1, இடது பின் 2, வலது முன் 3, இடது முன் 4. லைகாமிங் எஞ்சின்களில் எண் முன்னாலிருந்து தொடங்கும். அதனால் "மூன்றாவது" என்று மட்டும் சொல்லாமல் "வலது முன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றிப் பார்த்தேன். கீழ்ப் பிளக்கில் கடுகு போலச் சாம்பல் நிற ஈயக் குருணைகள். அவற்றை ஊசியால் எடுத்துச் சுத்தம் செய்து போட்டும் சிலிண்டர் எழவில்லை. அப்படியானால் பிளக் அல்ல, வால்வு. வெளியேற்று வால்வு அதன் வழிகாட்டிக் குழாய்க்குள் சிக்கித் திறந்தபடியே நிற்கிறது.

இது ஏன் நடக்கிறது என்பதைப் பழைய விமானம் வைத்திருக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ-65 எஞ்சின் 73 ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. பிறகு 80/87 வந்தது. இப்போது விமானத்தளங்களில் கிடைப்பது 100எல்எல். பெயரில் 'குறைந்த ஈயம்' இருந்தாலும் பழைய 80/87-ஐப் போல நான்கு மடங்கு ஈயம் அதில் இருக்கலாம். ஈயத்தை ஆவியாக்கி வெளியேற்றப் பெட்ரோலிலேயே ஒரு புரோமின் சேர்மம் கலந்திருக்கிறது. ஆனால் சிலிண்டர் நன்றாகச் சூடானால்தான் அது வேலை செய்யும். குறைந்த சுழற்சியில் வரிசையில் நிற்கும்போது சூடு போதாது, ஈயம் பிளக்கிலும் வால்வுத் தண்டிலும் படிகிறது. மற்ற எஞ்சின்களில் தரையிலேயே பெட்ரோல்-காற்றுக் கலவையில் பெட்ரோலைக் குறைத்து மெலிதாக்கி இதைக் குறைக்கலாம். கப்களில் இருக்கும் ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரில் பெரும்பாலும் கலவைக் கட்டுப்பாட்டைச் செயலிழக்கச் செய்து கட்டி வைத்திருப்பார்கள். வழக்கமாக இது முன்கூட்டியே அடையாளம் காட்டும்: காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் சில விநாடிகள் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு ஓடி, சூடானதும் சீராகிவிடும். ஈரப் பிளக் என்று நினைத்து அதை விட்டுவிடாதீர்கள். அடையாளமே காட்டாமல் நேராகச் சிக்குவதும் உண்டு, எனக்கு நடந்தது அப்படித்தான்.

இனி சட்டம். அமெரிக்காவில் விமானத்தின் உரிமையாளரான விமானி தானே செய்யக்கூடிய பராமரிப்பு வேலைகளுக்குப் பட்டியல் இருக்கிறது. பிளக் மாற்றலாம், எண்ணெய் மாற்றலாம், டயர், சக்கரக் கால்களின் ரப்பர் கயிறு மாற்றலாம், தையல் தேவைப்படாத சின்னத் துணி ஒட்டுப் போடலாம். வால்வைத் தொடக் கூடாது. அதற்கு உரிமம் பெற்ற மெக்கானிக் வேண்டும், அவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். ஞாயிறு மாலை அப்படி ஒருவரைப் பிடிப்பதுதான் உண்மையான சோதனை. கூடல் நடந்த இடத்தில் பேசிப் பழகியவர்களின் போன் எண்களைக் குறித்து வைத்திருந்தது அங்கேதான் உதவியது. மூன்றாவது போனில், பழைய கான்டினென்டல் தெரிந்த ஒருவர் மறுநாள் மதியம் வருவதாகச் சொன்னார். புறப்படும் முன்பே, நீங்கள் போகும் பாதையில் துணி போர்த்திய விமானங்களும் சின்ன கான்டினென்டலும் தெரிந்த மெக்கானிக்குகள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெட் விமானம் பார்க்கும் பெரிய பணிமனையில் ஏ-65-ஐத் தொட்டவர் இல்லாமல் போகலாம்.

சிலிண்டரைக் கழற்றாமலேயே இதைச் சரிசெய்யும் முறை ஒன்று இருக்கிறது, கயிற்று வைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெக்கானிக்குக் கூடமாட நிற்க இது தெரிந்திருந்தால் கூலி மணி குறையும். மேல் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே மென்மையான நைலான் கயிற்றைப் பல அடி உள்ளே திணித்து, ஒரு முனையை மட்டும் வெளியே விட வேண்டும். ப்ரொப்பெல்லரை மெதுவாகத் திருப்பினால் பிஸ்டன் கயிற்றை நசுக்கி, வால்வின் தலையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும். வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோலான ராக்கரின் மூடியைத் திறந்து, ராக்கர் தண்டை உருவி, சுருள்வில்லை அழுத்தி, வால்வுத் தண்டைப் பிடித்திருக்கும் இரண்டு அரைப்பூட்டுகளையும் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவுகூட இல்லை, கீழே புல்லில் விழுந்தால் கிடைக்காது. அதனால் அடியில் வெள்ளைத் துணி விரித்துவிட்டு ஆரம்பியுங்கள். வில்லை எடுத்ததும் பிஸ்டனைத் திருப்பி இறக்கி, கயிற்றை உருவிவிட்டு, வால்வை சிலிண்டருக்குள் தள்ளிவிட வேண்டும். அது உள்ளே விழுந்துவிட்டதே என்று பதற வேண்டாம். வழிகாட்டிக் குழாயை கையேட்டில் உள்ள அளவுக்கேற்ற ரீமரால் (துளையின் உட்புறத்தைச் சுரண்டும் கருவி), கிரீஸ் தடவி, கையாலேயே சுற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கிரீஸ் இருந்தால்தான் கரித்தூள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும், சிலிண்டருக்குள் விழாது. ட்ரில் இயந்திரத்தில் மாட்டிச் சுற்றக் கூடாது, துளை பெரிதாகிவிடும். வால்வுத் தண்டைப் பிளக் துளை வழியே எட்டிப் பார்க்கவைத்து அதில் படிந்ததையும் துடைக்க வேண்டும். பிறகு அதை மறுபடி குழாய்க்குள் செலுத்துவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. காந்தத்தை நம்பிப் போகாதீர்கள், வெளியேற்று வால்வின் உலோகம் காந்தத்தில் சரியாக ஒட்டாமல் போகலாம். நகம்போல் விரியும் வளையக்கூடிய பிடிப்பானை வழிகாட்டிக் குழாய் வழியே உள்ளே விட்டு, தண்டின் முனையைக் கவ்வி வெளியே இழுக்க வேண்டும். எங்களுக்கு அந்த ஒரு வேலைக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இதோடு, ராக்கரைத் தள்ளும் தள்ளுதண்டு வளைந்திருக்கிறதா என்று கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்துவிட வேண்டும். வால்வு மூடியபடி சிக்கியிருந்தால் அது வளைந்து, அதன் உறைக்குழாயில் எண்ணெய் கசியும். என் எஞ்சினில் தண்டு நேராக இருந்தது பெரிய நிம்மதி. வளைந்திருந்தால் பாகம் வரும் வரை இன்னும் காத்திருந்திருக்க வேண்டும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்குக் கூலியும் அவர் வந்துபோன பயணச் செலவும் 700 டாலரைத் தொட்டது. விடுதி, வாடகைக் கார், சாப்பாடு, புதுப் பிளக் எல்லாம் சேர்த்து மொத்தம் 1,300 டாலருக்குக் கொஞ்சம் மேல். வேலைக்குப் போட்ட விடுப்பு தனி. பணத்தைவிட அந்த முதல் இரவின் தனிமை அதிகம் வலித்தது. விடுதி கிடைப்பதற்கு முன்பே இருட்டிவிட்டது. நல்லவேளையாகக் கூடாரமும் முளைகளும் கையிலேயே இருந்தன. அதனால் ஒன்று சொல்கிறேன், கூடல் முடிந்ததும் கூடாரத்தை நண்பர் காரில் அனுப்பிவிட்டு எடையைக் குறைக்கலாம் என்று யோசிக்காதீர்கள். திரும்பும் வழியில்தான் அது அதிகம் தேவைப்படும். ஒரு போர்வை, இரண்டு லிட்டர் தண்ணீர், கைபேசிக்கு மின்கலம், இரண்டு உதிரிப் பிளக், பிளக் சாவி, பாதுகாப்புக் கம்பி, இரண்டு குவார்ட் எண்ணெய், பத்து அடி நைலான் கயிறு. எல்லாம் சேர்த்தும் பதினைந்து பவுண்டுக்குள்தான்.

இனிமேல் வராமல் தடுக்க என்ன செய்யலாம்? எண்ணெய் வடிகட்டி இல்லாத, சல்லடை மட்டும் உள்ள எஞ்சின் இது. 25 மணி நேரத்துக்கு ஒரு முறை, பறக்காவிட்டாலும் நான்கு மாதத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுங்கள், சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். வரிசையில் நிற்கும்போது சுழற்சியை 1,000-க்குக் கீழே இறக்காதீர்கள். வரிசை நீளமாக இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, உங்கள் முறை வரும்போது கிளப்புங்கள். ஈயப் படிவை மென்மையாக்கும் டிசிபி என்ற சேர்க்கையைக் குறிப்பிட்ட அளவில் பெட்ரோலில் கலக்கலாம். அதைவிட நல்லது, கார் பெட்ரோலுக்கு அனுமதிப் பத்திரம் வாங்கிக்கொள்வது. இந்த எஞ்சினுக்கும் விமானத்துக்கும் அது கிடைக்கும். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் கூடவே கூடாது, அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைப்பது பத்து சதவீதம் எத்தனால் கலந்ததுதான். சோதனை எளிது: ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கோடு போட்டு, மேலே பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி நிற்க விடுங்கள். தண்ணீரின் மட்டம் கோட்டைவிட உயர்ந்திருந்தால் எத்தனால் இருக்கிறது. போகும் வழியில் நிறுத்தங்களில் எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்காதபோது மட்டும் 100எல்எல் போட்டுக்கொள்ளுங்கள்.

பழுது பார்த்து முடிந்ததும் நேராக ஊருக்குப் புறப்படாதீர்கள். எஞ்சினைத் தரையில் முழுதாகச் சூடாக்கி, அணைத்து, ஆறவிட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் இழுத்து நான்கும் சமமாக எதிர்க்கிறதா என்று பாருங்கள். ராக்கர் மூடி ஓரத்தில் எண்ணெய் கசிவு இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். பிறகு சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, தனியாக, தளத்துக்கு மேலேயே அரை மணி நேரம் வட்டமடியுங்கள். இறங்கியதும் சல்லடையைக் கழற்றி உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முன் இருக்கையில் கூடாரத்தைக் கட்ட வேண்டும். மெக்கானிக் எழுதிய பதிவேட்டுப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த சிலிண்டர், எத்தனை மணி ஓட்டத்தில், குழாயில் என்ன அளவு என்பது அதில் இருக்க வேண்டும். ஒரு வெளியேற்று வால்வு சிக்கியதென்றால் மற்ற மூன்றிலும் அதே படிவு இருக்கும். அடுத்த ஆண்டுச் சோதனைக்குக் காத்திருக்காமல் ஊருக்கு வந்த கையோடு அந்த மூன்றையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.